78 மணி நேரம்

மலேசியாவின் பினாங்குக் கடைத்தெருவில் சில கடைகளுக்கு நான் கணக்கு எழுதுகிறேன். போன மாதம் ஓர் இரவு, நாற்பது பக்க நோட்டு ஒன்றை என் மேசையில் வைத்துவிட்டு ஒரு தம்பி நின்றான். "அக்கா, இதைக் கூட்டிச் சொல்லுங்கள்."

வயது 22. கமுதிப் பக்கம். அப்பா சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர். ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் 1,80,000 ரூபாய், நூற்றுக்கு மூன்று வட்டி. அதுவும் போதாமல் அம்மாவின் தாலிக்கொடி அடகில் இருக்கிறது. தங்கை நர்சிங் படிக்கிறாள். இங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் மாதச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). அதில் 1,200 ஊருக்குப் போய்விடுகிறது.

நோட்டைப் புரட்டினேன். தேதி, வந்த நேரம், போன நேரம். பக்க ஓரமெல்லாம் மஞ்சள் கறை. சில தாள்களில் எண்ணெய் ஊறி மறுபக்கத்து எழுத்து தெரிந்தது. படுத்துக் கிடந்த இரண்டு நாளுக்கு நேரே "காய்ச்சல்" என்று எழுதியிருந்தான். ஒன்றரை வருடத்தில் ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. வெங்காயம் உரித்து, பாத்திரம் கழுவி, படுக்கப் போகுமுன் தினமும் இதை எழுதியிருக்கிறான்.

காலை 7 முதல் இரவு 7 வரை வேலை, நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு. எட்டு மணி நேரம் போக மூன்று மிச்சம். 26 நாளும் வந்த மாதத்தில் 78 மணி நேரம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி மிகைநேரத்துக்கு ஒன்றரை மடங்கு கூலி. 1,700ஐ 26ஆலும் பிறகு எட்டாலும் வகுத்தால் மணிக்கு 8 வெள்ளி 17 சென்; ஒன்றரை மடங்கு 12 வெள்ளி 26 சென். 78 மணி நேரத்துக்கு 956 வெள்ளி சொச்சம். அவனுக்குக் கொடுத்தது 150.

வெகுநேரம் அந்தத் தொகையையே பார்த்துக்கொண்டிருந்தான். "தாலிக்கொடியைப் போன வருடமே மீட்டிருக்கலாம் அக்கா" என்றான்.

அவனுடைய கடப்பிதழ் (பாஸ்போர்ட்) முதலாளியின் பெட்டியில். வேலை பெர்மிட் அந்தக் கடையின் பெயரில். நினைத்தபடி வேறு கடைக்கு மாற முடியாது. நியாயம் கேட்கும் ஆளின் கையில்தான் இவனுடைய இருப்பும் இருக்கிறது. எனக்குத் தெரிந்த நல்ல முதலாளிகள்கூட "பத்திரமாக இருக்கட்டும்" என்று பையன்களின் கடப்பிதழைப் பூட்டி வைக்கிறார்கள். 1966ஆம் ஆண்டு கடப்பிதழ்ச் சட்டப்படி அது குற்றம். என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி இங்கே வந்து இறங்கியவர். நம்மில் பலர் வீட்டுக் கதையும் அதுதான். முதலாளிகளே, தயவுசெய்து கடப்பிதழைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

"புகார் கொடுத்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களா?" என்று கேட்டான். மாட்டார்கள் என்று சத்தியம் செய்து கொடுக்க என்னால் முடியவில்லை. ஒரு வாரம் யோசித்தான். பிறகு முதலில் முதலாளியிடமே போய், "சண்டைக்கு வரவில்லை, கணக்குதான் கேட்கிறேன்" என்று சொல்லியிருக்கிறான். பதில் இல்லை. செவ்வாய்க்கிழமை தொழிலாளர் இலாகாவில் மனு கொடுத்தோம்.

நேற்று அடுத்த மாதக் கணக்குக்காக நோட்டை வாங்கிப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமைக்கு நேரே எழுதியிருந்தான்: "10 முதல் 12 வரை வேலையில் இல்லை. கழித்துக்கொள்ளவும்."