டர்னர் வரையாத டெமரேர்

லண்டன் நேஷனல் கேலரியில், டெமரேர் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலை ஓவியர் டர்னர் வரைந்த படத்தை நெருங்குவதே பெரும்பாடு. 20 பவுண்ட் நோட்டிலும் அச்சடித்த படமாயிற்றே, கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்! வெளிறிப்போன பெரிய கப்பலை, செந்தீ கக்கும் கறுத்த இழுவைப்படகு ஒன்று இழுத்து வருகிறது. கப்பலில் மூன்று பாய்மரங்களும் கம்பீரமாக நிற்கின்றன. அழகான பொய்! 1838-ல் உடைக்க இழுத்து வந்தபோது பாய்மரங்களை ஏற்கெனவே கழற்றியிருந்தார்கள். இழுத்த படகுகளும் இரண்டு.

1798-ல் சாத்தமில் நீரில் இறங்கிய 98 பீரங்கிக் கப்பல் இது. 1801 கடைசியில் மாலுமிகள் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போகமாட்டோம் என்று முரண்டுபிடிக்க, பத்துப் பேருக்கு மேல் தூக்கில் தொங்கினார்கள். 1805, டிரஃபால்கர் கடற்போர்: பிரிட்டிஷ் தளபதி நெல்சனின் விக்டரி கப்பலுக்குப் பின்னாலேயே நுழைந்து, ரெடூத்தாப்ளை ஒரு பக்கமும் ஃபூகேவை மறுபக்கமும் ஒட்டவைத்துக்கொண்டு சண்டை போட்டது. இரண்டுமே பிரெஞ்சுக் கப்பல்கள்.

எட்டே வருடத்தில் அதே கப்பல் பிளிமத் பக்கம் டேமார் ஆற்றில் மிதக்கும் சிறை. அடைபட்டவர்கள் போர்க்கைதிகள். கரையில் சிறைகள் நிரம்பி வழிந்ததால், கடலுக்குப் பயன்படாத பழைய போர்க்கப்பல்களையெல்லாம் அன்று இப்படித்தான் ஆக்கினார்கள். தாழ்ந்த கூரை, நெரிசல், காற்றோட்டமில்லாத தளங்கள். அந்தக் காலப் பிரெஞ்சுக் கைதிகள், சாப்பாட்டில் மிஞ்சிய எலும்பைச் செதுக்கிக் குட்டிப் போர்க்கப்பல்கள் செய்து விற்றார்கள். கிரீன்விச் கடல்சார் அருங்காட்சியகத்தில் அப்படிச் சில மாதிரிகள் உண்டு. நூலளவுக் கயிறுகூட விட்டுப்போகவில்லை. எனக்கென்னவோ டர்னரின் அந்திச் சிவப்பைவிட அந்த எலும்புக் கப்பல்கள்தான் மனதில் நிற்கின்றன.

பிறகு புது ஆட்களைச் சேர்த்துவைக்கும் கப்பல், உணவுக் கிடங்கு என்று காலம் ஓடியது. கடைசியில் ஜான் பீட்சன் 5,530 பவுண்டுக்கு வாங்கி லண்டன் தேம்ஸ் கரையிலுள்ள ராதர்ஹித்தில் உடைத்தார்.

அந்தக் கட்டைகளில் கொஞ்சம் இன்னும் அங்கேயே இருக்கிறது. ராதர்ஹித் செயின்ட் மேரி தேவாலயத்தில் திருவிருந்து மேசையும் ஆயருக்கான இரண்டு நாற்காலிகளும் டெமரேரின் மரத்தில் செய்தவை. போகிறவர்கள் திறந்திருக்கும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வைட்சேப்பலிலிருந்து ஓவர்கிரவுண்ட் ரயிலில் வருவது நல்லது: தேம்ஸுக்கு அடியில் 1843-ல் திறந்த புருனெல் சுரங்கத்தையும் போகிறபோக்கில் கடந்துவிடலாம்.