உறுதி

சட்டத்தரணியின் மின்னஞ்சல் வந்த அன்று குசினிக்குள் ஓடிப்போய், "அம்மா, வீடு எங்கள் பெயருக்கு மாறிவிட்டது" என்றேன். அம்மா ஈரக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு நீட்டினார்.

"உறுதிப் பத்திரத்தைத் தா. சாமிப் படத்துக்கு முன்னால் வைக்க வேண்டும்."

கொடுக்க என் கையில் எதுவும் இல்லை. இங்கிலாந்தில் காணிப் பதிவு கணினியில் இருக்கிறது. வீட்டுக்காரருக்குச் சான்றிதழ் கொடுக்கும் வழக்கத்தை 2003இலேயே நிறுத்திவிட்டார்கள். மின்னஞ்சலோடு வந்தவை சில பக்கங்களும் ஒரு வரைபடமும்தான். வரைபடத்தில் எங்கள் வீட்டைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு. அது பொதுவான எல்லையைக் காட்டுகிறதே தவிர, சரியான எல்லைக் கோடு அல்ல என்று விளக்கமும் கொடுத்திருந்தார்கள். வாசித்துச் சொன்னேன். அம்மாவின் முகம் வாடிவிட்டது. வேலிக் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டதற்காகத் தலைமுறை தலைமுறையாகப் பேசாமல் இருந்தவர்களைக் கண்டு வளர்ந்தவர் அவர்.

பதினெட்டு வருடம் ஈஸ்ட் ஹாமில் வாடகைக்கு இருந்தோம். லண்டனில் வீட்டு விலை எங்கள் கைக்கு எட்டவில்லை. ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில், தேம்ஸ் ஆறு கடலோடு கலக்கும் சவுத்எண்டில் தேடத் தொடங்கினோம். முதலில் பேசி முடித்த வீடு கைநழுவிப் போனது. விலைக்குச் சம்மதித்து, நாங்கள் பணம் கட்டி வீட்டைப் பரிசோதிக்கவும் செய்த பிறகு, உரிமையாளர் கூடக் கொடுத்த இன்னொருவருக்கு விற்றுவிட்டார். ஒப்பந்தம் கைமாறும் வரை இங்கே வாய்ச்சொல் யாரையும் கட்டாது. அந்த வலி இரண்டாவது வீட்டைக் கண்டதும் ஆறிவிட்டது. ஓகஸ்ட் மாதம், பெருக்கு நேரம். மாடி ஜன்னலைத் திறந்தால் கூரைகளுக்கு மேலே நிறைந்த கடல். அம்மா அங்கேயே நின்றுவிட்டார். அதன் பிறகு அறைகளை நாங்கள் எண்ணிப் பார்க்கவே இல்லை.

குடிபுகுந்த காலையில் அதே ஜன்னலைத் திறந்தபோது கடலைக் காணவில்லை. கண்ணுக்கு எட்டிய வரை சேறு, அதில் சாய்ந்து கிடக்கும் படகுகள். இங்கே பெரிய வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் ஐந்து மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது. தண்ணீர் ஒரு மைல் வரை உள்வாங்கிவிடும். அதனால்தான் இந்த ஊர் இறங்குபாலத்தை 2 கிலோமீட்டருக்கும் அதிகமாக நீட்டி, அதன் மேல் ரயிலும் விட்டிருக்கிறார்கள். உலகிலேயே மிக நீளமான உல்லாசப் பாலம் அது. கோடை ஞாயிறுகளில் லண்டன் சனமெல்லாம் அதைப் பார்க்க வந்து, எங்கள் தெருவில் கார் விட இடமில்லாமல் செய்துவிடுகிறது.

"மயிலிட்டிக் கடல் ஒரு நாளும் எங்களை விட்டுப் போனதில்லை" என்றார் அம்மா.

யாழ்ப்பாணத்தில் இருந்த அந்த எங்கள் ஊரை விட்டு, 1990 ஜூனில் போருக்குப் பயந்து நாங்கள்தான் ஓடினோம். ஐயா எடுத்து வந்தவை இரண்டு: தங்கையின் பால் போத்தல், பிஸ்கட் தகரத்துக்குள் இருந்த காணி உறுதி. மல்லாகத்து முகாமில் மழை ஒழுகிய இரவுகளில் தகரத்தைத் தன் வயிற்றோடு அணைத்தபடி அவர் படுத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவர் போன பிறகு அது அம்மாவோடு வன்னிக்கும் கொழும்புக்கும் போய், ஈஸ்ட் ஹாமுக்கும் வந்தது. 2017 ஜூலையில் இராணுவம் மயிலிட்டித் துறைமுகத்தை விடுவித்தபோது, தொலைபேசியில் ஊர்ச் சனம் அழுதது எனக்குக் கேட்டது. எங்கள் வளவு அந்தப் பகுதிக்குள் வரவில்லை. அடுத்த வருடம் போய் முட்கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றேன். கடல் இரைந்தது கேட்டது. உறுதி பையில் இருந்தது.

அங்கே உறுதி இருந்தும் வீட்டுக்குள் போக முடியவில்லை. இங்கே திறப்பு இருக்கிறது, அம்மாவுக்கு உறுதி வேண்டும்.

மற்றவையெல்லாம் பழகிவிட்டன. பக்கத்து லீ ஊரில் மட்டி அவித்து விற்கும் கொட்டில்களைக் கண்ட நாளில் அம்மா சின்னப் பிள்ளையாகிவிட்டார். வற்று, பெருக்கு நேரங்களை இப்போது என்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். திசையில் மட்டும் மனம் இன்னும் தடுமாறுகிறது. மயிலிட்டியில் கடல் வடக்கே. அதனால் எங்கள் வீட்டில் வடக்கே தலை வைக்காதே என்று யாரும் சொல்வதில்லை, "கடல் பக்கம் தலை வைக்காதே" என்றுதான் சொல்வார்கள். இங்கே வந்ததும் அம்மா அந்தச் சொல்லின்படியே கட்டில்களைத் திருப்பிப் போடச் சொன்னார். இங்கே கடல் தெற்கே. ஒரு வாரம் முழுக்க நாங்கள் எல்லாரும் வடக்கே தலை வைத்துத் தூங்கியிருக்கிறோம் என்று தெரிந்ததும், நாவூறு கழிக்க மிளகாய் தேடினார்.

போன வாரம் அம்மா தகரத்தைத் திறந்து பழைய உறுதியை மடியில் விரித்தார். மடிப்புகளில் கிழிந்து, ஓரம் பழுப்பேறிய தாள். கிழக்கே இன்னாருடைய காணி, மேற்கே ஒழுங்கை, கிணற்றில் பங்கு, வழி வாய்க்கால் உரித்து, பயன்தரு மரங்கள் என்று எல்லாம் நொத்தாரிசின் சாய்ந்த எழுத்தில் இருக்கின்றன.

"இதைப் போல ஒன்று நீ எழுது" என்றார்.

வெள்ளைத் தாள் எடுத்தேன். கிழக்கு எல்லைக்கு அயலவரின் பெயர் தெரிய வேண்டுமே. அம்மா அப்போதே ஒரு தட்டில் உளுந்து வடையோடு போய்க் கதவைத் தட்டி, அந்த வயதான பெண்ணின் பெயரை வாய்க்குள் சொல்லிச் சொல்லி மறக்காமல் கொண்டுவந்தார். மேற்கே பஸ் ஓட்டுநரின் வீடு. பயன்தரு மரங்களுக்குப் பின்வளவு அப்பிள் மரம் ஒன்று.

"வடக்கு?" என்று கேட்டேன்.

அம்மா உறுதியைப் பார்க்கவில்லை, ஜன்னலையும் பார்க்கவில்லை. "கடல்" என்றார்.

எழுதினேன்.