சக்கரத்தில் கை வைத்த சிறுமி

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், வில்கேனியா ஊர் பெட்ரோல் பங்கில் இன்று ஒரு கார், பின்னால் கேரவனை (இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி) இழுத்துக்கொண்டு வந்து நின்றது. கார் கதவு திறந்ததும் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி நேரே ஓடியது கேரவன் சக்கரத்துக்கு.

சக்கரத்தின் நடுவே புறங்கையைக் கொண்டுபோய், சூடு பார்த்து, மெல்லத் தொட்டாள். சுற்றிப் போய் அடுத்த பக்கமும் தொட்டாள். அப்பாவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள்.

யாரோ நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்!

இதமான சூடு இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாமல் கொதித்தால், பேரிங்கில் (சக்கரம் உராயாமல் சுழல உதவும் உருளைகள்) கிரீஸ் வற்றியிருக்கும், அல்லது பிரேக் உரசிக்கொண்டே வரும். கவனிக்காமல் ஓட்டினால் சக்கரமே கழன்று போகும்.

கிழக்கே கோபார் ஊரிலிருந்து இங்கே 260 கிலோமீட்டர். நடுவில் எம்டேல் ரோட்ஹவுஸ் (பெட்ரோலும் சாப்பாடும் கிடைக்கும் வழித்தங்கல்) ஒன்றுதான். அதனால் ஒரு செட் பேரிங்கும் கிரீஸும் கையில் இருக்கட்டும்.

அடுத்தது எடை. கேரவனின் மொத்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு காரின் கொக்கியில் இறங்க வேண்டும். சைக்கிளையும் தண்ணீர் கேனையும் பின்னால் ஏற்றினால் முன்பக்கம் லேசாகி, வேகத்தில் வால் ஆடும். அப்போது கார் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு, காருக்குள் இருக்கும் கேரவன் பிரேக் விசையை மட்டும் கையால் அழுத்துங்கள்.

பொழுது சாய்ந்தால் கங்காரு சாலைக்கு வரும். வெளிச்சத்திலேயே அடுத்த ஊரான புரோக்கன் ஹில் போய்விடுங்கள். அங்கே கடிகாரம் அரை மணி பின்னால்.

தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் ஊட்லா விர்ரா சோதனைச் சாவடியில் பழங்களைப் பறிமுதல் செய்துவிடுவார்கள். மிச்சமிருக்கும் ஆப்பிளை முன்பே பிள்ளைகளுக்கு நறுக்கிக் கொடுத்துவிடுங்கள்.