பட்ட பைனும் ஓக் கொட்டைகளும்

நவம்பர் 6
போன் வரவில்லை.

நவம்பர் 7
காலையிலிருந்து மரங்கொத்திகள் ஓயவில்லை. உச்சந்தலையில் சிவப்பு, வெள்ளை விழி. ஓக் கொட்டையைக் கவ்விவந்து, எதிரே நிற்கும் பட்ட பைன் மரத்தில் ஒவ்வொரு துளையாக வைத்துப் பார்க்கின்றன. துளை பெரிதென்றால் அடுத்ததற்குப் போகின்றன. சரியாக அமைந்ததும் அலகாலேயே அடித்து இறுக்குகின்றன. லொடலொடவென்று இருந்தால் அணில் உருவிக்கொண்டு போய்விடும். இவர் தலையணையில் சாய்ந்து வெகுநேரம் பார்த்தார். கஞ்சியும் முழுசாகக் குடித்தார்.

நவம்பர் 11
இரவெல்லாம் இருமல்.

நவம்பர் 15
ஒரே மரத்தில் 50,000 துளைகள்கூட இருக்குமாம். கலிபோர்னியாவில் நாங்கள் இருக்கும் இதே கார்மல் பள்ளத்தாக்கில், ஹேஸ்டிங்ஸ் ஆய்வு வனத்தில், 1968-இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் இந்தப் பறவைகளைக் கவனித்திருக்கிறார்கள். ஒரு குடும்பம் வருடத்துக்குச் சில நூறு துளைகள்தான் புதிதாகப் போடும். அப்படியென்றால் எதிரே இருப்பது இவற்றின் பாட்டன் பூட்டன் காலத்து வேலை. பெற்றோர், வளர்ந்த பிள்ளைகள் என்று எல்லோருக்கும் சேர்த்து ஒரே சேமிப்பு. பத்தாயத்துக்குக் காவல் போட்ட மாதிரி யாராவது ஒருவர் மரத்திலேயே இருக்கிறார்.

நவம்பர் 19
ஜனவரிக்குள் அந்த மரத்தை வெட்டப் போகிறார்களாம். விழுந்துவிடும் என்று வீட்டுக்காரருக்குப் பயம். அவர் பயம் நியாயம்தான். ஆனால் ஜனவரியில் வெட்டினால் இவை என்ன சாப்பிடும்? வெயில் அடித்தால் பறக்கும் பூச்சிகளைப் பிடிக்கும், சரி. மழை நாட்களில்? கொட்டை தீர்ந்தால் குடும்பமே இடத்தை விட்டுப் போய்விடும். வசந்தம்வரை மிச்சம் இருந்தால்தான் குஞ்சுகள் நன்றாகப் பிழைக்கும். இன்னொரு மரம் இப்படி ஆவதற்கு எத்தனை வருடம் வேண்டும்! இவரிடம் சொல்லவில்லை.

நவம்பர் 28
கொட்டை காயக் காயச் சுருங்குகிறது. சுருங்கினதும் துளையில் ஆடுகிறது. உடனே எடுத்துச் சின்னத் துளைக்கு மாற்றுகின்றன. குளிர்காலம் முழுக்க இதே வேலை. வைத்துவிட்டு மறக்கவே முடியாது. இன்று இவருடைய பேண்ட்டை மறுபடி பிடித்துத் தைத்தேன்.

டிசம்பர் 3
ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. இவருக்கு இன்னொரு தடவை படம் எடுத்துப் பார்க்க வேண்டுமாம்.

டிசம்பர் 4
யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. மழை.

டிசம்பர் 9
இருட்டினதும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே பொந்துக்குள் நுழைகின்றன. இவர்தான் கூப்பிட்டுக் காட்டினார். குரலில் கொஞ்சம் தெம்பு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

டிசம்பர் 14
மரத்தில் ஆரஞ்சு நாடா கட்டிவிட்டார்கள். நாளை பத்து மணிக்கு வெட்டுகிறவர் வருகிறார். எங்களுக்கு ஒன்பதுக்கு ஆஸ்பத்திரி. மேல்கிளைகளை மட்டும் எடுத்துவிட்டு அடிமரத்தை நிறுத்தி வைக்கலாம், இங்கே பலர் அப்படிச் செய்கிறார்கள். கொட்டைகள் பெரும்பாலும் அடிமரத்தில்தான் இருக்கின்றன. பக்கத்து வீட்டு அம்மாவிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். காலையில் கிளம்புமுன் வீட்டுக்காரரிடம் நானே ஒரு தடவை பேச வேண்டும்.