வரத்துக்கால் தேடி: செட்டிநாட்டு நாட்குறிப்பு

அக்டோபர் 5

கானாடுகாத்தானில் ஒரு ஆச்சி வீட்டில் தங்கல். சுற்றுவட்டக் கண்மாய்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்களையெல்லாம் வரைபடமாக்குவதுதான் வேலை. இங்கே வற்றாத ஆறு கிடையாது. வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான் பிழைப்பு. ஒரு கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் கலுங்கு என்ற வழிந்தோடி வழியாக அடுத்ததற்கு இறங்கும். நடுவில் ஓரிடம் அடைபட்டாலும் கீழே உள்ள ஊர் காய்ந்துவிடும்.

ராத்திரி கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் எஸ்ஆர்டிஎம் என்ற நில உயரத் தரவைப் போட்டுப் பார்த்தேன். 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரில் எடுத்தது. ஒரு கட்டம் சுமார் 30 மீட்டர். மலைப்பக்கத்துக்கு அது போதும். இந்தச் சமதரையில் இரண்டு மீட்டர் அகல வரத்துக்கால் அதில் தெரியவே தெரியாது. மரம் அடர்ந்த இடத்தை வேறு மேடாகக் காட்டும். நடந்துதான் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 8

முன்பு நீர்பாய்ச்சியாக, அதாவது வயல்களுக்குத் தண்ணீர் பிரித்துவிடுபவராக இருந்த ஐயா ஒருவர் கூட வந்தார். சீமைக்கருவேலத்தை விலக்கிக்கொண்டே போனோம். ரோட்டுக்கு அடியில் போட்ட சிமெண்ட் குழாய், வாய்க்கால் தரையைவிட ஒரு முழம் உயரத்தில் நின்றது. ஐயா கம்பைக் கீழே செருகினார். பாதி வண்டலுக்குள் இறங்கியது.

"தண்ணி இதுல ஏறணும்னா மேல பூராம் தேங்கணும்மா. தேங்குனா பக்கத்துக் கொல்லைய அழிச்சுப்புடும்."

ஜிபிஎஸ்ஸில் புள்ளி வைத்து, குழாயின் உயரம், வாய்க்கால் அகலம், வண்டல் ஆழம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். கீழே உள்ள கண்மாய் ஏன் நிறையவில்லை என்பதற்குப் பதில் இந்தக் குழாய்தான்.

அக்டோபர் 9

கிராம வரைபடம் பார்த்தேன். வாய்க்கால் புறம்போக்கு, நேற்று நடந்த தடத்தோடு பொருந்துகிறது. சந்தோஷம்.

அக்டோபர் 12

ஆச்சியின் பேத்தி பிளஸ் டூ படிக்கிறாள். "அக்கா, உங்க வேலைக்கு என்ன படிக்கணும்?" என்றாள்.

புவியியலில் பி.ஏ. அல்லது பி.எஸ்சி., அப்புறம் முதுகலை. பொறியியல் வழி வேண்டுமென்றால் அண்ணா பல்கலைக்கழகத்தில் ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ் (புவித் தகவலியல்). 1794இல் சர்வே பள்ளியாகத் தொடங்கிய கிண்டி கல்லூரியில்தான். கல்லூரியில் பாடம் நடத்த ஆசையிருந்தால் முதுகலைக்குப் பின் நெட் அல்லது செட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வு எழுத வேண்டும். கியூஜிஐஎஸ் இலவசம், இன்றைக்கே இறக்கிக்கொள் என்றேன். டேராடூனில் உள்ள தொலையுணர்வு நிறுவனமான ஐஐஆர்எஸ் இணையத்திலேயே இலவச வகுப்புகள் நடத்துகிறது. புள்ளியியலை மட்டும் விட்டுவிடக் கூடாது.

'புவியியலாளர் தேவை' என்று விளம்பரம் வருவது அபூர்வம். ஜிஐஎஸ் அனலிஸ்ட் (கணினியில் வரைபடத் தரவை ஆராய்பவர்), நகரமைப்பு, நீர்வளம், பேரிடர் மேலாண்மை என்று தேட வேண்டும். இதைச் சொல்ல ஆளில்லாமல் கெட்டிக்காரப் பிள்ளைகள் இந்தப் படிப்பையே ஒதுக்கிவிடுவது எனக்குப் பெரிய ஆதங்கம்.

முதல் பயிற்சியும் கொடுத்தேன்: வீட்டு வளவில் விழும் மழைத்தண்ணீர் ஊருணிக்கு எந்த வழியாகப் போகிறது? பார்த்து வரை.

அக்டோபர் 20

காலையில் நல்ல மழை. குடை பிடித்துக்கொண்டு தண்ணீர் பின்னாலேயே போயிருக்கிறாள். நோட்டில் தெருக்கள், அம்புக்குறிகள், குப்பை அடைத்த ஒரு மூலை. அந்த மூலையில் தண்ணீர் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பக்கத்து வீட்டு அப்பத்தாவிடம் கேட்டும் எழுதியிருக்கிறாள். அப்படிக் கேட்கத் தோன்றியதே, அதைத்தான் பாராட்டினேன்.

சனிக்கிழமை மேற்கு வரத்துக்காலை அளக்க அவளும் வருகிறாள். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் கிடைத்தாச்சு.