மூணாவது நாளும் காபியில் பூண்டு வாசனை

இன்றைக்குக் காலையிலும் காபியில் பூண்டு வாசனை. பிரிட்ஜில் எலுமிச்சம்பழத்தை வெட்டி வைத்தாச்சு, சமையல் சோடாவைக் கிண்ணத்தில் கொட்டி வைத்தாச்சு, ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை. எல்லாம் ஒரு ஆட்டுத் தொடையால் வந்தது.

மச்சான் டெக்ஸாஸிலிருந்து லீவுக்கு வந்தால் சும்மா இருக்க மாட்டான் என்பது தெரிந்ததுதான். போன தடவை தோசைக்கல்லில் பீட்சா. இந்தத் தடவை புகையில் வேக வைத்த கறி. வெல்டிங் பட்டறையில் ஒரு டிரம்மை வெட்டி வாங்கி வந்து, அதில் 107 டிகிரி சூட்டிலேயே ஐந்தாறு மணி நேரம் வைக்கணுமாம். அந்த நேரத்தில் நான் வில்லிவாக்கத்திலிருந்து திருச்சிக்கே போய்ச் சேர்ந்திருப்பேன்.

அதற்கு முன்னால் எத்தனை மணி நேரம் ஊற வைப்பது என்று சண்டை. கறிக்கடை பாய், "கீறல் போட்டு உப்பு, மஞ்சத்தூள் தடவுங்க சார், ரெண்டு மணி நேரம் போதும்" என்றார். மச்சான் 24 மணி நேரத்தில் நின்றான். "ஏம்ப்பா, ஊறுகாயா போடுறீங்க?" இது அம்மா. என் மனைவி ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, பப்பாளிக்காயை அரைத்துப் போட்டால்தான் பஞ்சு மாதிரி வரும் என்றாள். நான் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். மசாலா எத்தனை நேரம் ஊறினாலும் சில மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே போகாது, உப்பு மட்டும்தான் பொறுமையாக இறங்கும், அதனால் முதல் நாள் ராத்திரி உப்பை மட்டும் தடவிவிட்டு, தயிர், எலுமிச்சை, இஞ்சி பூண்டையெல்லாம் கடைசி ரெண்டு மூணு மணி நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். இந்த வீட்டில் என் பேச்சைக் கேட்பது டிவி ரிமோட் மட்டும்தான், அதுவும் பேட்டரி இருந்தால்.

கடைசியில் யார் மனசும் நோகக்கூடாது என்று எல்லாவற்றையும் போட்டு, சனிக்கிழமை மதியத்திலிருந்து 18 மணி நேரம் ஊற வைத்தோம். எலும்பு நீட்டிக்கொண்டு நின்றதால் குண்டானுக்கு மூடி போட முடியவில்லை. பக்கத்திலேயே பால் பாக்கெட். மேலே சொன்ன காபி அங்கே ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை வெளியே எடுத்து அழுத்திப் பார்த்தேன். விரல் தடம் அப்படியே நின்றது, பிசைந்த களிமண்ணில் பதிந்த மாதிரி. பப்பாளிப் பாலுக்கு 60, 70 டிகிரி சூட்டில்தான் வெறி அதிகமாம். டிரம்முக்குள் 107 டிகிரி என்றாலும் கறிக்குள் சூடு மெதுவாகத்தான் ஏறும்; நாங்களோ கறியை அந்த 60, 70 டிகிரியில் மணிக்கணக்காக ஆற அமர உட்கார வைக்கப் போகிறோம். நாலாவது மணி நேரத்தில் மேல்சதை தானாக வழுக்கி கரியில் விழுந்தது. எலும்போரம் கத்தி இறங்கவில்லை, உள்ளே ஆடு இன்னும் மேய்ந்துகொண்டிருந்தது.

இதில் கொய்யாக் கட்டை வேறு ஈரம். ஈரக் கட்டை வெள்ளை வெளேரென்று புகையும், கறியும் கசக்கும். கூழ் வடாமைத் திருப்பிப் போட மொட்டை மாடிக்கு வந்த கீழ்வீட்டு மாமி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "போகிக்கு இன்னும் எட்டு மாசம் இருக்கேப்பா" என்றார். நான் டிரம்முக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மச்சான் கையை ஆட்டி "ஹாய்" சொன்னான்.

மூன்றரைக்கு அம்மாவின் கோழி வறுவலைச் சாப்பிட்டோம். அது ஊறின நேரம், அம்மா வெங்காயம் உரித்த நேரம்.

நேற்று சாயங்காலம் மாமி கதவைத் தட்டினார். கையில் பெரிய எவர்சில்வர் டப்பா, அதில் மொத்த வடாமும். "எங்காத்துல யாரும் தொடமாட்டேன்னுட்டா. நீங்களே பொரிச்சுக்கோங்கோ." பொரித்தோம். மச்சான் ஒரு வாய் கடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவன் தேடின புகை வாசனை அத்தனையும் வடாமில் இருந்தது.

படி இறங்கின மாமி திரும்பி, "அடுத்த தடவை எத்தனை மணி நேரம் ஊற வைக்கப் போறேள்?" என்று கேட்டார். மாமிக்கு எதற்கு இந்தக் கணக்கு என்று புரியாமல், "பன்னிரண்டு மணி நேரம் மாமி" என்றேன்.

"சரி, ஊறப் போட்ட ஒடனே ஒரு குரல் குடு. நான் மாவு கிளற மாட்டேன்."