1123 இடவம்

மகளுக்கு நர்சிங் சீட் கிடைத்த அன்றே சாதிச் சான்றிதழுக்கு ஓட ஆரம்பித்தேன். ஓடி முடிக்க ஏழு மாதம் ஆச்சு. நல்லவேளை, எழுதிக் கொடுத்ததும் கல்லூரியில் அவகாசம் தந்தார்கள்.

நாங்கள் இடுக்கி மாவட்டத்தில் ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கிறோம். வீட்டில் தமிழ், ரேஷன் கடையில் மலையாளம். எங்களைப் போன்ற பட்டியல் சாதித் தமிழர்கள் இங்கே சான்றிதழ் வாங்க, 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே குடும்பம் இந்த மண்ணில் இருந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். பட்டியல் சாதி ஆணை வந்த தேதி அது. பிறகு வந்தவர் என்றால் பூர்வீக மாநிலத்தில்தான் சலுகை.

கேரள அரசின் இ-சேவை மையமான அக்ஷயா மையத்தில் மனு போட்டேன். ஆபீசில் கேட்டது: “சேட்டா, தமிழ்நாட்டில் போய் வாங்ஙிக்கூடே?” சரியென்று போடிமெட்டு இறங்கி, கொள்ளுத்தாத்தாவின் ஊருக்குப் போனேன். அங்கே ரேஷன் கார்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இது கேரளா கார்டுல்ல, அங்கயே கேளுங்கண்ணே” என்றார்கள். மேலே போனால் பாண்டிக்காரன், கீழே வந்தால் கேரளாக்காரன்.

1956-ல் மாநிலம் பிரித்தபோது நாங்கள் கேரளாவில் மாட்டிக்கொண்டோம் என்று கீழே தமிழ்நாட்டில் பலர் நினைக்கிறார்கள். தேவிகுளமும் பீர்மேடும் தமிழ்நாட்டோடு சேர வேண்டுமென்று திருவிதாங்கூர் தமிழர் தலைவர் நேசமணி போராடியது உண்மை, கிடைக்காததும் உண்மை. ஆனால் அதற்கு முன்பும் இந்த மலை சென்னை மாகாணத்தில் இல்லை, திருவிதாங்கூரில் இருந்தது. கேரளம் என்ற மாநிலம் பிறக்கும் முன்பே தாத்தா இங்கே தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தார்.

அதை எந்தத் தாளில் காட்டுவது? தாத்தாவின் பி.எஃப். சீட்டை நீட்டினேன். பி.எஃப். சட்டமே 1952-ல்தான் வந்தது! பட்டா கிடையாது, லயம் கம்பெனியுடையது.

கடைசியில் வழி காட்டியது அத்தைதான். “நான் ஒண்ணாங்கிளாஸ் போனேன்டா, பாதியில கொழுந்தெடுக்க இழுத்துட்டு வந்துட்டாங்க” என்றார். எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை பீரோவின் அடித்தட்டிலிருந்து பழைய அட்மிஷன் ரிஜிஸ்டரை எடுத்தார். பூச்சி அரித்த ஓரம், மங்கிய மை. அத்தை பெயர், சாதி, எஸ்டேட் டிவிஷன், சேர்ந்த தேதி: 1123 இடவம். கொல்லம் ஆண்டு, மலையாள நாட்காட்டிக் கணக்கு. டீச்சர் விரல் விட்டு எண்ணி, “ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டு” என்றார். எனக்குக் கை நடுங்கியது.

அதிலும் ஒரு வில்லங்கம். தாத்தா பெயர் அதில் ‘கறுப்பன்’, ரேஷன் கார்டில் ‘கருப்பன்’. இரண்டும் ஒரே ஆள்தான் என்று வில்லேஜ் ஆபீசில் ‘ஒன் அண்ட் சேம்’ சர்டிபிகேட் வாங்க இன்னும் மூன்று வாரம். அப்புறம் லயத்துக்கே வந்து பக்கத்து வீட்டாரிடம் விசாரித்து எழுதிப்போனார்கள்.

அலைகிறவர்களுக்கு ஒன்று: பி.எஃப். தாளோடு மல்லுக்கட்டாதீர்கள். வீட்டில் வயசான அத்தை, பெரியப்பா யாராவது ஒரு வருஷமாவது பள்ளிக்கூடம் போனார்களா என்று முதலில் கேளுங்கள். ரிஜிஸ்டர் நகலில் தலைமையாசிரியரின் சீலும் தேதியும் விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். நான் பார்க்காமல் வந்து, மறுபடியும் ஒருநாள் ஜீப்புக்குக் காத்துக் கிடந்தேன்.